நாற்பது சிவப்பும் ஒரு பச்சையும்

லாண்டரியக்காவுக்குத் தெரியாத கறை இந்த உலகத்தில் கிடையாது. ஒரு சட்டையைக் கையில் வாங்கிக் காலரை ஒரு தடவை மோந்து பார்த்தால் போதும். அதைப் போட்டிருந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார், மத்தியானம் எந்தப் பேருந்தில் தொங்கினார், சாயங்காலம் யாரிடம் பொய் சொன்னார் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவாள். பொய் சொன்னது கொஞ்சம் கைச்சரக்கு, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பேருந்தும் சந்தேகம். ஆனால் சாப்பாடு சத்தியம். மையா, மசகு எண்ணெயா, முட்டையா, மூக்கிலிருந்து வந்த ரத்தமா என்று கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துச் சொல்லிவிடுவாள்.

கடை மூலையில். இரண்டு பக்கமும் நாலு மாடிக் குடியிருப்புகள், நடுவில் பல்லிடுக்கில் சிக்கின மாதிரி ஒற்றை மாடிக் கட்டடம். இடம் நகராட்சியுடையது, வருஷத்துக்கு ஒரு தடவை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். உள்ளே மூன்று சலவை இயந்திரங்கள். நடுவில் இருப்பது சுழலும்போது அங்குலம் அங்குலமாக வாசலை நோக்கி நடந்து வரும். கடை சாத்துவதற்கு முன்னால் அதை இடுப்பால் முட்டிப் பழைய இடத்துக்கு அனுப்புவது அக்காவின் நாத்தனார் வேலை. மீதி நேரம் நாத்தனார் இஸ்திரி மேசையில் நிற்பாள். கை துணியில் இருக்கும், காது தெருவில் இருக்கும். அக்காவின் வீட்டுக்காரர், துவைத்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஒரு நாளைக்கு மொத்தம் பதினொரு வார்த்தை பேசுவார், அதில் ஏழு "ம்".

வாசலை ஒட்டி ஒரு நீள பெஞ்ச். துணி போட்டவர்கள் காத்திருக்கத்தான் அதைப் போட்டது. துணியே இல்லாதவர்களும் வந்து காத்திருந்தார்கள். மூன்றாம் மாடி நர்ஸ் வேலை முடிந்து வந்து அங்கேதான் செருப்பைக் கழற்றுவாள். எதிர்க்கடைப் பூட்டுக்காரர் தன் கடையில் ஆள் வந்தால் தெரியும்படி தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு அங்கேதான் பேப்பர் படிப்பார். வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுச் சும்மா உட்கார வருகிறவர்கள் எல்லாருக்கும் அதே பெஞ்ச்தான்.

கடை திறந்த முதல் மாசம் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் விதை. ஒரு பெரியவர் ஒரு கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். செத்துப்போன தம்பி போட்டிருந்ததாம். அக்காவுக்கு அப்போது அனுபவம் ஆஸ்பத்திரிப் போர்வைகளில்தான். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டாள். திரும்பக் கொடுக்கும்போது சட்டை பொம்மைக்குப் போடும் அளவில் இருந்தது. பெரியவர் திட்டவில்லை. அதை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அக்காவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மேசை மேல் இரண்டு தகர டப்பா வந்தது. ஒன்றில் சிவப்பு வட்ட அட்டை, இன்னொன்றில் பச்சை வட்ட அட்டை. துணி கொண்டுவருகிறவர்களே எடுத்துக் குத்த வேண்டும். உயிருக்கு உயிரான துணி என்றால் சிவப்பு. அதை அக்கா தன் கையாலேயே துவைப்பாள். எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்றால் பச்சை, அது இயந்திரத்துக்கு. இருபத்திரண்டு வருஷம் இந்தச் சட்டம் நடந்தது. கடைசியில் கடையை விட்டே வெளியே போய்விட்டது. பூட்டுக்காரர் தொலைக்கக் கூடாத சாவிகளுக்குச் சிவப்பு நூல் கட்டினார். நர்ஸ் தவறவிடக் கூடாத மாத்திரை டப்பாவுக்குச் சிவப்புத் தாள் ஒட்டினாள். யாரும் யாரையும் கேட்டுச் செய்ததில்லை.

அப்படிப்பட்ட பேட்டைக்குத்தான் 'துணை' என்ற சேவை அமைப்புக்காரர்கள் வந்தார்கள்.

அப்போது தெரு விளக்கில் பாதி குருடு. மாடிப்படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. கடைகளில் மூன்றுக்கு ஒன்று சாத்தியே கிடந்தது. பின்பக்கம் குப்பை மேடு ஒன்று மழைக்கு மழை ஒரு முழம் வளர்ந்தது. மூடிக் கிடந்த பழைய தபால் ஆபீசை அமைப்புக்காரர்கள் வாடகைக்கு எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பேட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. கடன் கொடுக்கிறவர்களோ என்று கேட்டார்கள், இல்லையாம். ஓட்டுக் கேட்கிறவர்களோ என்று கேட்டார்கள், அதுவும் இல்லையாம். "சும்மாதாங்க செய்யறோம், நீங்க நல்லா இருக்கணும்னு" என்று பதில் வந்தபோதுதான் எல்லாருக்கும் நிஜமான பயம் வந்தது.

பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தது. கைப்பிடி வந்தது. ஒழுகுகிற கூரைக்கு ஆள் வந்தது. வேலை தேடுகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவள் ஒரு ஒல்லிப் பெண். எந்நேரமும் கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு நடப்பாள் என்பதால் அவளுக்கு மேப்புப் பொண்ணு என்று பெயர் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை மேப்புப் பொண்ணு எல்லாரையும் தபால் ஆபீசுக்குக் கூப்பிட்டாள். சுவர் முழுக்கப் பேட்டையின் படம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், ஒரு பச்சை ஸ்டிக்கர். மாற வேண்டிய, எடுக்க வேண்டிய இடத்தில் சிவப்பை ஒட்டணும். அப்படியே இருக்க வேண்டிய, காப்பாற்ற வேண்டிய இடத்தில் பச்சையை ஒட்டணும். அதைப் பார்த்துத் திட்டம் எழுதி நகராட்சிக்கு அனுப்புவார்கள். எந்தக் கட்டடம் நிற்கும், எது போகும் என்பது அந்தத் திட்டத்தைப் பொறுத்தது.

கூட்டம் நாலு மணிக்கு. கிரீம் பிஸ்கட் நாலே முக்காலுக்கு. ஜனம் கலையாமல் இருக்கத்தான் பிஸ்கட்டைக் கடைசியில் வைத்தார்கள். ஆனால் பிஸ்கட் கடைசியில்தான் என்பது வெள்ளிக்கிழமையே பேட்டைக்குத் தெரிந்துவிட்டது. ஆகையால் ஜனம் நாலே முக்காலுக்கு வந்தது. மேப்புப் பொண்ணு தொண்டை வறள விளக்கம் சொன்னபோது கேட்டது நாலே பேர். அதில் ஒருத்தர் தூங்கினார். ஒருத்தர் காதுக் கருவியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். மற்ற இரண்டு பேரும் தண்ணீர்க் குழாய் விஷயமாகத் தங்களுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். விளக்கத்தை எழுதிக் கதவிலும் ஒட்டியிருந்தாள்; கூட்டம் வந்து கதவை விரியத் திறந்ததும் அந்தத் தாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அறுபது பேர் உள்ளே வந்தார்கள். கையில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை. இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா? இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்ததுதானே!

அக்கா போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடையில் மூச்சுவிட நேரம் கிடையாது. நாத்தனாரும் போகவில்லை. வீட்டுக்காரர் துணி மூட்டையோடு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து நாத்தனார் தெருவிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணி! தபால் ஆபீஸ் கண்ணாடியில பட்டியல் ஒட்டியிருக்காங்க. நம்ம கடைதான் முதல் இடம்!"

"எதுல?"

"எடுத்துட வேண்டியதுல."

அக்கா ஈரக்கையோடு போய்ப் பார்த்தாள். "மக்கள் மாற்ற விரும்பும் இடங்கள்: ஒன்று, மூலைச் சலவைக்கடை. சிவப்பு நாற்பது, பச்சை ஒன்று." அடியில் சிவப்பென்றால் என்ன, பச்சையென்றால் என்ன என்று அச்சிட்டிருந்தது. கடை இருக்கிற இடத்தில் நாலு நாற்காலியும் ஒரு மரமும் வைத்த சின்னப் பூங்கா என்று படமும் போட்டிருந்தார்கள். மாசக் கடைசியில் திட்டம் நகராட்சிக்குப் போகும். போய்விட்டால் இந்த வருஷ அனுமதி இல்லை, கடையும் இல்லை. மரம் அழகாகத்தான் வரையப்பட்டிருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

நாற்பது பேர். யார் அந்த நாற்பது பேர்? இவர்கள் வீட்டுப் போர்வையில் எந்த மூலையில் எந்தக் கிழிசல் என்று அவளுக்குத் தெரியும். இவர்கள் மனசில் இருந்த கிழிசல் தெரியாமல் போய்விட்டதே!

மறுநாள் காலையில் பூட்டுக்காரர் பேப்பரோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முகமெல்லாம் பல்.

"அக்கா, பட்டியல்ல உங்க கடைதான் முதல் இடமாமே! என் சிவப்பை எங்க ஒட்டினேன் தெரியுமா? நேரா உங்க கடை மேல! என் வீட்டம்மாவும் அங்கதான் ஒட்டினா."

அக்காவுக்குக் கை நின்றுவிட்டது. "ரொம்ப சந்தோஷம்," என்றாள்.

"பின்ன? கடமை இல்லையா?" என்று அவர் பேப்பரைப் பிரித்தார்.

பத்து மணிக்கு நர்ஸ் வந்தாள். "அக்கா, என் ஓட்டும் உங்களுக்குத்தான். சிவப்பு! ஒட்ட இடமே இல்ல, அடுத்தவங்க ஸ்டிக்கர் மேலயே ஒட்டிட்டு வந்தேன்," என்று சொல்லி, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் வந்து இதையே சொன்னார்கள். ஒருத்தர் கூட வெட்கப்படவில்லை. கழுத்தை அறுக்கிறவன் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு அறுப்பான்; இவர்கள் சிரித்துக்கொண்டே, நலம் விசாரித்துக்கொண்டே அறுத்தார்கள். போதாததற்கு எல்லாரும் வழக்கம்போலச் சிவப்பு அட்டை குத்திய துணிகளையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடை வேண்டாம், ஆனால் பட்டுச் சட்டையைக் கையால் துவைக்க வேண்டுமாம்.

"என்ன ஜனங்கடி இது?" என்றாள் அக்கா. "கோபமா இருந்தா சண்டைக்கு வரணும். பிடிக்கலைன்னா துணி போடக் கூடாது. இது ரெண்டும் இல்லாம... எனக்குத்தான் மூளை கலங்கிப் போச்சா?"

"பேசாம நாமளும் சிரிச்சுக்கிட்டே அவங்க பித்தானையெல்லாம் பிச்சு விட்டுருவோம் அண்ணி," என்று நாத்தனார் இஸ்திரியை ஓங்கி வைத்தாள்.

தான் போட்ட முடிச்சு தன் கண்ணுக்குத் தெரியாது என்பது சரிதான். இரண்டு தகர டப்பாவும் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தன. அச்சில் பார்த்த விஷயம் மண்டையில் ஏறிவிட்டதால் அவளுக்கு அந்த டப்பா ஞாபகமே வரவில்லை.

வீட்டுக்காரரோ இன்னொரு புதிர். நாலு மணிக்குத் திரும்ப வேண்டியவர் சில நாளாக ஆறு மணிக்குத்தான் திரும்பினார். சட்டைத் தோளில் சுண்ணாம்புத் தூசி, முழங்கையில் ஒட்டடை. பூட்டிக் கிடந்த இடத்துக்குள் போய் வந்த அழுக்கு அது. இதை அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

"எங்கங்க போறீங்க தினமும்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு கடை காலியா இருக்கு," என்றார்.

"நீங்களும் முடிவே பண்ணிட்டீங்களா?"

"அதான் எல்லாரும் சொல்லிட்டாங்களே," என்றார். அன்றைய பதினொரு வார்த்தையும் தீர்ந்துவிட்டது. அக்கா அவர் சட்டையை வாங்கி ஊறப்போட்டாள். இந்த மனுஷனும் நாற்பதில் ஒருத்தரோ என்று ஒரு கணம் நினைத்து, நினைத்ததற்காகத் தன் தலையிலேயே குட்டிக்கொண்டாள்.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது மேப்புப் பொண்ணு கடைக்கு வந்தாள். கக்கத்தில் படம், கையில் ஒரு வெள்ளை மேல்சட்டை. விஷயத்தை நேரில் சொல்லாமல் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அதே சமயம் நகராட்சிக்குப் போகிற அன்று போட்டுக்கொள்ள அவளிடம் இருந்த ஒரே நல்ல சட்டையில் மை கொட்டியிருந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எங்க மேல வருத்தமா இருப்பீங்க..."

"சட்டையைக் குடும்மா," என்றாள் அக்கா. ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். "பேனா மை. போயிரும். எதுல வேணும், நீயே எடுத்துக் குத்து."

"என்ன குத்தணும்?"

"புதுசா வர்றவங்களுக்கு நான்தான் பாடம் எடுக்கணும்," என்று நாத்தனார் மேசையிலிருந்து குரல் கொடுத்தாள். "உசுரு மாதிரி நினைக்கிற துணின்னா சிவப்பு. போனா போகுதுன்னா பச்சை. இந்தப் பேட்டையில நண்டு சிண்டுக்குக் கூடத் தெரியும்."

மேப்புப் பொண்ணு சிவப்பு டப்பாவுக்குள் விட்ட கையை எடுக்கவே இல்லை.

"எத்தனை வருஷமா?"

"எது?"

"சிவப்புன்னா பிடிச்சது, பச்சைன்னா போகட்டும்... இது எத்தனை வருஷமாக்கா?"

"இருபத்திரண்டு," என்று சொல்லும்போதே அக்காவுக்கு நாக்கு நின்றது. டப்பாவைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சில் பூட்டுக்காரர் பேப்பருக்கு மேலே கண்ணை உயர்த்தி, "ஏன், இப்ப மாத்திட்டாங்களா?" என்றார்.

மேப்புப் பொண்ணு படத்தைப் பிரித்து நடு இயந்திரத்தின் மேல் விரித்தாள். அது சுழன்றுகொண்டிருந்ததால் பேட்டையே நடுங்கியது. கடை மேல் நாற்பது சிவப்பு. குப்பை மேட்டின் மேல் முப்பத்தேழு பச்சை.

"குப்பை மேட்டைக் காப்பாத்தணும்னு எழுதிட்டோம்க்கா," என்றாள் அவள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாத குரலில். "ஏன்னு எங்க யாருக்குமே புரியல. மக்களுக்கு அந்த இடத்து மேல இனம்புரியாத பாசம்னு அறிக்கையில ஒரு பாராவே எழுதியிருக்கு. சுத்தி வேலி போட்டு, பேர்ப்பலகை வைக்கலாம்னு..."

"எந்தப் பேர் வைக்கறதா இருந்தீங்க?" என்று நாத்தனார் கேட்டாள். அதற்கு மேல் அவளாலும் நிற்க முடியவில்லை. இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பூட்டுக்காரருக்கு மட்டும் கடைசி வரை புரியவில்லை. "நான் சரியாத்தானே ஒட்டினேன்? சரியாத்தானே?" என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மை போயிற்று. திட்டம் தலைகீழாகத் திருப்பி எழுதப்பட்டு அந்த வெள்ளைச் சட்டையோடு நகராட்சிக்குப் போயிற்று. நாலு நாற்காலியும் மரமும் குப்பை மேட்டுக்கு இடம் மாறின. கடைக்கு அனுமதி வந்தது, ஒரு வருஷத்துக்கு இல்லை, ஐந்து வருஷத்துக்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிற வேலை வீட்டுக்காரருக்கு இல்லாமல் போயிற்று.

இதோடு அக்கா நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மனுஷ மனசு அப்படிச் செய்யப்பட்டதில்லை. நாற்பது பேர் உயிர் என்று சொன்னது ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அந்த ஒரு பச்சை தொண்டையில் முள்ளாக நின்றது. படத்தைத் தலைகீழாகப் படித்தால் அந்தப் பச்சைக்கு ஒரே அர்த்தம்தான்: இந்தக் கடை எக்கேடு கெட்டாலும் எனக்கென்ன.

"யாருடி அது?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"விடுங்க அண்ணி. சாமிக்கே நாலு பேர் எதிரி."

"நாலு பேர் இருந்தா பரவாயில்லை. ஒரே ஒருத்தர்னா, யோசிச்சுப் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்."

பச்சை அட்டை எடுக்கிற ஒவ்வொருத்தரையும் அவள் ஏற இறங்கப் பார்த்தாள். தரை துடைக்கிற துணிக்கு எவராவது பச்சை குத்தினால்கூட, "ஏன், இதுவும் போகட்டும்தானா?" என்று கேட்டாள். ஜனங்கள் பயந்துபோய்க் கால்மிதியடிக்கெல்லாம் சிவப்புக் குத்தினார்கள். அத்தனையையும் கையால் துவைத்து அக்காவுக்கு விரல் வெந்தது. மூன்று மாசம் இப்படிப் போயிற்று.

அவளுக்குப் புரியாத இன்னொன்றும் கூட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமையிலிருந்து பாக்கி இருந்தது. அன்று வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட சட்டையின் பையில் வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஒரு கறை. என்ன என்று கேட்டதற்கு, "பெயிண்ட். சுவத்துல சாஞ்சுட்டேன்," என்றார். துணை அமைப்புக்காரர்கள் தெருத் தெருவாகச் சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்த வாரம் அக்காவுக்கு ஜலதோஷம் வேறு. மூக்கு விடுமுறையில் இருந்தது. ஆனாலும் பெயிண்ட் எப்படிப் பைக்கு உள்பக்கம் மட்டும் படும்? வெந்நீருக்கு எப்படிக் கரையும்? கையில் எப்படிப் பொடிப்பொடியாக உதிரும்? சாயவே முடியாத இடத்தில் சாய்ந்திருக்கிறார் என்று அதை விட்டுவிட்டாள். வேறு எதையும் நினைக்க வழியில்லை. டாக்டர் அவருக்கு இனிப்பை நிறுத்தி எட்டு மாசம் ஆகியிருந்தது. வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது. அதை அவர் தாண்டுவார் என்று அக்கா கனவிலும் நினைத்ததில்லை.

இந்தக் கதை அந்த நீள பெஞ்சில்தான் வழக்கமாகச் சொல்லப்படும். மேப்புப் பொண்ணு கூட இருந்தால் குப்பை மேட்டுப் பேர்ப்பலகை வரும் இடத்தில் முகத்தை மூடிக்கொள்வாள். போன தடவை சொன்னபோது அவளும் இருந்தாள், நர்ஸும் பூட்டுக்காரரும் இருந்தார்கள். அக்கா ஒரு கால்மிதியடியைக் கசக்கிக்கொண்டு, "எல்லாம் சரி, அந்தப் பச்சை ஒட்டின மகராசன் யாருன்னு மட்டும் சொல்ல ஆளில்லை," என்றாள். மூலையில் வீட்டுக்காரர் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். விளக்கம் கேட்டது நாலே பேர், நாலும் கேட்காத கேஸ் என்ற இடம் மறுபடி வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போர்வையை மடித்து முடித்து, ஓரம் பார்த்து, மேசையில் வைத்தார்.

"நாலு பேர் இல்ல," என்றார். "அஞ்சு. கடைசியில, தூணுக்குப் பின்னாடி, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு சொன்னதை முதல்லேர்ந்து கேட்டேன். சிவப்பைக் குப்பை மேட்டுல ஒட்டினேன். பச்சையை இங்க ஒட்டினேன், கடை இருக்கணும்னு."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கை கால்மிதியடியைப் பிழிந்தபடியே நின்றது.

"அப்புறம்," என்றார் அவர், இன்னொரு போர்வையை எடுத்து உதறிக்கொண்டே, "அது பெயிண்டும் இல்ல."